அக்கா மகள் முதலில் பேசினாள்

இந்த வருடம் கல்லூரிச் சேர்க்கைக்கு மதிப்பெண்ணோடு ஒரு கலந்துரையாடலையும் சேர்த்துவிட்டார்கள். மாணவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, உங்களை மாற்றிய ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்பார்கள். இடம் தருவதில் பாதி மதிப்பெண்ணுக்கு, பாதி இந்தப் பேச்சுக்கு.

என் மகளிடம் சொல்ல ஒன்று இருந்தது. பக்கவாதத்தில் பேச்சை இழந்த தன் அப்பாவுக்கு, என் கணவருக்கு, மறுபடி பேசக் கற்றுக்கொடுத்தவள் அவள். கல்லூரியில் கணக்கு நடத்திய மனிதர் முதன்முதலாக "தண்ணி" என்றபோது வீடே அதிரக் கைதட்டினாள்.

மகள் கேட்ட அதே படிப்புக்கு என் அக்கா மகளும் விண்ணப்பித்திருந்தாள். இருவரும் ஒரே மேசையில்.

அன்று கலந்துரையாடல் முடிந்து வீட்டுக்கு வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவ முந்திக்கிட்டாம்மா. 'எங்க சித்தப்பாவுக்கு நான்தான் பேசக் கத்துக்கொடுத்தேன்'னு சொல்லிட்டா."

"நீ சும்மாவா இருந்தே?"

"வேற என்ன பண்றது? நானும் அதையே சொன்னா, ரெண்டு பேரும் ஒரே பாடத்தை ஒப்பிக்க வந்த மாதிரி இருக்கும். நீச்சல் கத்துக்கிட்டதைப் பத்தி என்னமோ உளறினேன்."

இடம் அக்கா மகளுக்குக் கிடைத்தது. என் மகளுக்கு இல்லை. அக்காவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஏன்டி இந்தக் குதி குதிக்கிறே? எம் பொண்ணு ஒண்ணும் திருடலை. உன் வீட்டுக்காரர்தான் அவளைக் கூப்பிட்டு உட்காரவச்சு, இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லுன்னாரு. அவரையே கேளு, போ."

கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"அவளுக்கு... மார்க் கம்மி. நம்ம பொண்ணு... மார்க்லயே... வந்துடுவா."

சேர்க்கை விதி மாறிவிட்டதை நானே அவருக்குச் சொல்லியிருந்தேன். தலையாட்டினார். விடைத்தாள் திருத்தியே நரைத்தவர். நல்ல மதிப்பெண் தோற்கும் என்று அவர் மனது ஒப்பவே இல்லை போலிருக்கிறது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான் வேலைக்குப் போன பின் அவர் அக்கா மகளோடு எவ்வளவு பேசியிருக்கவேண்டும்! எங்களிடம் "சரி", "போதும்" என்று நிறுத்திக்கொள்பவர். அந்த நீளமான பேச்சின் மேல் எனக்கு வந்தது பொறாமைதான். மகள் இழந்ததைவிட அது முந்திக்கொண்டு வலித்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

மகள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா."

"உன்னால..." என்று தொடங்கினார். "உன்னால..."

அடுத்த சொல் சிக்கிக்கொண்டது. இப்படிச் சிக்கினால் முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பது அவள் வழக்கம். 'முடியும்' என்று சொல்லத்தான் தவிக்கிறார். அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

அவர் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.