இல்கின் வீட்டு இயங்குதளம்

துருக்கி எழுத்தில் i இரண்டு உண்டு. புள்ளி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. இல்கின் என்ற குடும்பப் பெயரில் வருவது புள்ளி வைக்காதது. புள்ளி போட்டு வந்த கல்யாணப் பத்திரிகைகள் இரண்டை ருக்னெத்தின் இல்கின் திருப்பியே அனுப்பியிருக்கிறார். எதிர்னே நகரத் தொலைபேசி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எஞ்சினியர். ஓய்வு பெற்ற பிறகும் டை கட்டாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில்லை.

போன ஞாயிறு மகன் வீட்டு விருந்தில்தான் வம்பு ஆரம்பித்தது. சம்பந்தி ஷெவ்கெத், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர், வாய் சும்மா இருக்காது.

"கம்ப்யூட்டருக்கு இயங்குதளம் கடையில ரெடியா விக்கறான், வாங்கிப் போட்டா பத்து நிமிஷம். இவரு மாசக்கணக்கா எதையோ கட்டறாராம்!"

எல்லோரும் சிரித்தார்கள். ருக்னெத்தின் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மூலநிரல்லேர்ந்து நானே கட்டறேன் சம்பந்தி. அதோட உயிர்நாடி கெர்னல் உட்பட. அடுத்த ஞாயிறு எங்க வீட்ல நீங்க சாப்பிட உட்கார்றதுக்குள்ள, திரையில எங்க குடும்பப் பேரோட அது எழுந்து நிக்கும். நிக்கலைன்னா, நீங்க வாங்கிட்டு வர்றதைப் போட்டுக்கிட்டு வாயை மூடிக்கறேன்."

சொன்ன சொல் சொன்னதுதான். வாரம் முழுக்க ஒவ்வொரு துண்டாகக் கட்டி முடித்தார். மிச்சம் கெர்னல் மட்டும். அதுதான் ஞாயிறு காலை மூன்று முறை ஒரே இடத்தில் நின்றது. init என்றொரு கோப்பு இல்லை என்றது. அவர் போய்ப் பார்த்தால் கோப்பு கண்ணெதிரே இருந்தது.

"இருக்கே! இல்லைங்கிறியே, பொய்யா சொல்றே?" என்று திரையைப் பார்த்து அதட்டினார்.

"ஏங்க, அதுக்குக் காது இருக்கா?" என்றாள் சமையலறையிலிருந்து மனைவி நெஸிஹே. ஈரலை மெல்லிசாகச் சீவி மாவில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டரைக்குச் சம்பந்தி வந்துவிட்டார், கையில் கடை இயங்குதளம் இருந்த, ரிப்பன் கட்டிய பெட்டியோடு. கூடவே மருமகள் செல்ஜென்; ஷெவ்கெத்தின் மகள், மென்பொருள் வேலைக்காரி.

"என்ன சம்பந்தி, எழுந்து நின்னுச்சா? இல்ல இன்னும் தவழுதா?"

ருக்னெத்தின் திரையைக் காட்டினார். ஷெவ்கெத் பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு திரைமேல் குனிந்தார்.

"சம்பந்தி, இதுல புள்ளி எங்க?"

"எதுல?"

"கோப்புல init-க்கு ரெண்டு புள்ளி இருக்கு. பிழைச் செய்தியில ınıt. ஒண்ணுகூட இல்ல. உங்க பேர் மாதிரியே."

ருக்னெத்தினுக்குக் காது சூடாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைகளில் எல்லாம் புள்ளியைத் தேடிப் பிடித்த கண்ணுக்கு இது தப்பிவிட்டதே!

செல்ஜென் ஒரு பார்வையில் பிடித்துக்கொண்டாள். "மாமா, பெரிய எழுத்துல இருக்கற பேரையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் சின்ன எழுத்தா மாத்துது. உங்க மெஷின் துருக்கியில இருக்கு. பெரிய I-யைப் பார்த்ததும், நம்ம முறைப்படி புள்ளி இல்லாம சின்னதாக்கிடுச்சு. எழுதினவங்க இங்கிலீஷை மட்டும்தான் நெனைச்சிருக்காங்க. ஒரு மணி நேரத்துக்கு மெஷினை இங்கிலீஷுக்கு மாத்துங்க, ஓடிடும்."

"மாத்தமாட்டேன்."

"மாமா, ஒரே ஒரு வரி..."

"என் வீட்டு மெஷின் என் மொழியைச் சரியாத்தான் படிச்சிருக்கு. தப்பு அவங்க மேல. அதைத்தான் திருத்துவேன்."

டையைச் சரிசெய்துகொண்டு ஸ்கிரிப்டைத் திறந்தார். சின்ன எழுத்தாக்கும் வரியை அடித்துவிட்டு, A-க்கு a, B-க்கு b என்று இருபத்தாறு ஜோடியையும் தன் கையால் எழுதினார். இனி எந்த மொழியில் இருக்கும் மெஷினும் அதில் தடுமாறாது. மறுபடி கட்ட விட்டார். வரிகள் ஓடின. நின்ற இடத்தைத் தாண்டின.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் ஷெவ்கெத்.

"ஒரு மணி நேரம் பத்து நிமிஷம்."

நெஸிஹே தட்டுகளோடு வந்தாள். "ஈரல் ஆறினா தோலாயிடும். யார் என்ன பந்தயம் கட்டினாலும் சாப்பாடு இப்பதான்."

ருக்னெத்தின் அசையாமல் நின்றார். சம்பந்தி ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தால் போதும், சொன்ன கெடு முடிந்தது. ஷெவ்கெத்தும் நாற்காலியின் முதுகில் கை வைத்தார். ருக்னெத்தினைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, ஒரு தட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

"அப்பா, முட்டி வலிக்குதுன்னு வழியெல்லாம் புலம்பினீங்களே?" என்றாள் செல்ஜென்.

"யாருக்கு முட்டி வலி? எனக்கா? நின்னு சாப்பிட்டா நல்லா செரிக்கும். அண்ணி, அந்த வறுத்த மிளகாயை இப்படித் தள்ளுங்க."

அப்புறம் யாருமே உட்காரவில்லை. ஈரல், தயிர், வெங்காயம் எல்லாம் நின்றபடியே காலியாயின. தேநீரும் நின்றபடியே. ஷெவ்கெத் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். ஆனால் வாய் ஓயவில்லை. "எங்க மாவட்ட ஆட்சியர் வந்தாக்கூட நான் இவ்வளவு நேரம் நின்னதில்ல."

இரண்டரை மணிக்கு மெஷின் அணைந்து எழுந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் சரசரவென்று மேலேறின. ஓட்டம் நின்றதும், கடைசி வரியில் குடும்பப் பெயர், எழுத்துப் பிசகாமல்.

செல்ஜென் கைதட்டினாள். ருக்னெத்தின் திரையைப் பார்க்கவில்லை. நேரே மேஜைக்குப் போனார். பிறருக்காக நாற்காலி இழுத்துப் போட்டுப் பழக்கமில்லாத மனிதர், தலைப்பக்கம் இருந்த தன் நாற்காலியை இரு கையாலும் இழுத்தார்.

"உட்காருங்க சம்பந்தி."

"அப்பாடா!" என்று ஷெவ்கெத் விழுந்தார். "அந்தப் பெட்டியைக் கடையிலேயே திருப்பிக் குடுத்துடறேன். ரிப்பன் மட்டும் உங்களுக்கு."