கவாத்து வெட்டிய கார்

கோத்தகிரி ரோட்டில் இருக்கும் வெள்ளைப்பாறை எஸ்டேட்டின் பழைய உரக் குடோனில், அருக்காணி கவாத்து வெட்டிவிட்ட கார் ஆவணி மாத மழையில் துளிர்விட்டது. முதல் துளிர் இடது முன் சக்கரத்துக்கு மேலே வந்தது. நகத்தளவு, செம்பு நிறம், தொட்டால் சில்லென்று இருந்தது. அந்த வாரம் பச்சைத்தேயிலை விலை மறுபடியும் இறங்கியிருந்ததால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான். கார் துளிர்த்த செய்தி அதற்கு அடுத்தபடியாகவே சுற்றி வந்தது. இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை என்றாள் அருக்காணி. வாழ்நாள் முழுக்கத் தேயிலைக்குக் கவாத்து வெட்டியவள் அவள். முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் கிழட்டுச் செடியும் சில மாதத்தில் துளிர்க்கும். கார் அதைவிடக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

அந்தக் காரின் கதை ஒரு சிரிப்பில் தொடங்கியது. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, மூக்கு மட்டும் ஊருக்கு முன்னால் போகும். பந்தயத்துக்கென்று சீமையில் செய்த வண்டி. அதை வைத்திருந்த பெரிய தொரை மதராஸ்காரர்தான், ஆனாலும் மேனேஜர் என்றால் எஸ்டேட்டில் தொரை என்றுதான் பேர். வேலையை விட்டுப் போகும் நாளில் அவர் எல்லோரையும் ஆபீஸ் முன்னால் நிறுத்தி, நன்றாக வேலை செய்தவர்கள் ஆளுக்கொன்று கேட்கலாம் என்றார். கம்பளி கேட்டார்கள், டார்ச் லைட் கேட்டார்கள். அருக்காணி அப்போது கல்யாணமாகாத பெண். ஆண்கள் மட்டுமே வெட்டிவந்த கவாத்தை, கத்தியைச் சண்டை போட்டு வாங்கி, ஒரு சரிவு முழுக்க வெட்டி முடித்திருந்தாள். அவள் காரைக் காட்டினாள். தொரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே சாவியை அவளிடம் வீசி, எடுத்துக்கோ என்றார். கிளார்க்குகள் சிரித்தார்கள், மேஸ்திரி சிரித்தார், கூட்டத்தில் நின்ற அவள் அப்பாவும் சிரித்தார். அருக்காணி சிரிக்கவில்லை. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போய்விட்டாள். கிளட்ச் தேய்ந்து கிடந்த காரைக் குடோனில் தள்ளச் சொல்லிவிட்டு ஜீப்பில் இறங்கிப் போன தொரை அப்புறம் திரும்பவேயில்லை.

அன்றிலிருந்து வெள்ளைப்பாறையில் ‘அருக்காணி கார்’ என்பது ஒரு பேச்சாகிவிட்டது. பேருக்கு உண்டு, கைக்கு இல்லை என்று அர்த்தம். லைனுக்குப் புதுக் கக்கூஸ் வரப்போகிறது என்று ஆபீசில் சொன்னால், அட அருக்காணி காருப்பா என்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டார் பதில் சொல்லாவிட்டாலும் அதே. அவளுக்குக் கல்யாணம் ஆனது, புருஷன் காச நோயில் போனான், கம்பெனி மூன்று கை மாறியது, இந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு ஓடியவர் தொரை. கேலி மட்டும் தன் பேரில். இது அவளுக்கு நாற்பது வருஷமாக நெஞ்சில் எரிந்தது. சாவியை மட்டும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துத் துருப்பிடிக்காமல் வைத்திருந்தாள்.

புது மேனேஜர் நவநீதன் நல்ல மனிதர், குரலை உயர்த்தத் தெரியாதவர். குடோனை இடித்து டூரிஸ்ட்டுகளுக்குக் காட்டேஜ் கட்டச் சொல்லிக் கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. உள்ளே கிடந்த இரும்பை எடைக்குப் போட அவர் ஆட்களோடு வந்த அன்று, ஓய்வு பெற்ற பிறகும் லைன் வீட்டை விடாமல் இருந்த அருக்காணி கதவை மறித்து நின்றாள்.

“ஏனுங்க, இது என்ற வண்டிங்க” என்று சாவியைக் காட்டினாள்.

“சாவி இருந்தா மட்டும் வண்டி ஆயிடாதுங்கம்மா. ஓடுனாத்தான் வண்டி” என்றார் நவநீதன். “தை பொறக்கறதுக்குள்ள இது தானா ஓடி வெளிய வரட்டும், உங்களுது. தள்ளிக்கிட்டு வந்தாச் செல்லாதுங்க. ஓடலீன்னா இரும்பு.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அதே சிரிப்பு, இத்தனை வருஷத்தில் பல் மட்டும் மாறியிருந்தது.

வெலிங்டன் ராணுவ ஒர்க் ஷாப்பில் சிவிலியன் மெக்கானிக்காக இருந்து ரிட்டையரான கருணாகரனை அவள் அழைத்து வந்தாள். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். சீட்டில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. தரைத் தகட்டில் பெரணி முளைத்திருந்தது. கதவைத் தொட்டதும் கதவு கையோடு வந்தது. புதுசாகத் தகடு அடிக்க வேண்டுமென்றால் ஊட்டை வித்தாலும் பத்தாதுங்கக்கா என்றார். லைன் ஊடு கம்பெனியோடதுங்க, விக்கவும் முடியாது என்றாள் அவள். எஞ்சினை மட்டும் கூலி இல்லாமல் பிரித்துப் பார்க்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். அப்படியொரு எஞ்சினைத் திறக்கும் பாக்கியம் பட்டாளத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. மற்ற வேலைக்கு என்ன செய்வதென்று அவள் போனில் கேட்டபோது, வேறு அவசரத்தில் இருந்தவர், “கெட்டதையெல்லாம் வெட்டி விடுங்கக்கா. நல்ல தகடு வரும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

துருவை வெட்டிக்கொண்டே போனால் கெடாத இரும்பு எங்காவது தட்டுப்படும் என்பது அவர் சொன்னதன் பொருள். தகரம் வெட்டுகிற எவனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான். அருக்காணி கவாத்துக்காரி, வெட்டினால் வரும் என்றால் அவளுக்கு ஒரே அர்த்தம்தான். கத்தியைத் தீட்டினாள். துரு தின்ற தகடுகளை எல்லாம், மழைத்தண்ணீர் தங்காதபடி சாய்வாக, முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினாள். நின்ற சட்டத்தில் படிந்திருந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தாள். வெட்டிய முனைகளுக்கு, வெட்டுக்காயம் அழுகாமலிருக்கச் செடிக்குப் பூசுகிற மாதிரி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, வெயில் படாமல் பெரணித் தழை போட்டு மூடினாள். குடோனின் ஓட்டுக்கூரையைப் பிரித்து மழைக்கு வழி விட்டாள். வந்து பார்த்த கருணாகரன் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருந்தது யூரியா மூட்டை.

துளிர் வந்த பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. செம்புத் துளிர்கள் விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, முற்ற முற்றப் பச்சை நிறமாகிக் கெட்டிப்பட்டன. மூட்டை கிழிந்து யூரியா கொட்டியிருந்த இடது பக்கத்தில் மட்கார்டு சற்றுப் பெரிதாக வந்தது. தேயிலையில் இரண்டு இலையும் நடுவில் ஒரு கொழுந்தும் வருவதுதான் முறை என்பதால் முன்னால் இரண்டு விளக்குகளும் நடுவில் ஒரு சின்ன விளக்கும் முளைத்தன. கருணாகரன் மூன்றுக்கும் ஒயர் கொடுத்தார். முளைக்காதவற்றை அவர் கையில் கிடைத்ததை வைத்துச் சரிக்கட்டினார். டயர்களும் கிளட்சும் குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டில் ஓய்ந்து கிடந்த அம்பாசிடருடையவை. பெட்ரோல் பம்ப் ஒரு பழைய ஆம்னி வேனுடையது. இறுகிப்போன பிஸ்டன்களில் டீசலை ஊற்றி ஊறவைத்து, கட்டையால் தட்டித் தட்டியே விடுவித்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற தார்ப்பாயை மடித்துத் தைத்து அருக்காணி சீட் போட்டாள். ஓடாத வண்டியில் உட்கார்ந்து எந்தக் காலுக்கு எந்தப் பெடல் என்றும் கற்றுக்கொண்டாள்.

கார்த்திகையில் எஞ்சின் உறுமியது, ஆனால் வண்டி அசையவில்லை. கருணாகரன் கீழே படுத்துப் பார்த்தார். வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து இரும்பு வேர்கள் இறங்கி, பல வருஷம் உரம் ஊறிய மண்தரைக்குள் போயிருந்தன. அறுத்துவிடலாமா என்று கேட்டார்.

“இப்ப வேண்டாங்க. தகடு முத்தட்டும். பிஞ்சுல வேர அறுத்தா மறுபடி துருவாப் போயிரும்” என்றாள். முற்றிய பிறகு அறுத்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குத் தெரியாது.

மார்கழியின் கடைசி நாள், போகி. உறைபனியில் தேயிலைச் செடிகள் வெள்ளையாக நின்றன. பழம்பாயும் கிழிந்த துணியும் எரித்துவிட்டு லைன் ஜனம் மொத்தமும் குடோனுக்கு முன்னால் கூடியது. நவநீதன் ஜேசிபியோடு வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. பழைய கார் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் அதைத்தான் வெட்டிப் போட்டுவிட்டீர்களே, இது எஸ்டேட் மண்ணில் வேர்விட்டு முளைத்தது, எஸ்டேட் மண்ணில் முளைத்த கொழுந்து எஸ்டேட்டுக்குத்தானே என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். கூட்டத்தில் யாரோ, அருக்காணி காரு, என்றார்கள். பாதிப் பேர் சிரிக்கத் தயாரானார்கள்.

அருக்காணி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனாள். வேர் அறுபடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. முழங்கையெல்லாம் மண்ணோடு அவள் வெளியே வந்தாள்.

“கொழுந்து எஸ்டேட்டுக்குங்க. நான் இல்லேன்னு சொல்லலீங்க. கவாத்து வெறகு ஆருக்குங்க?”

கவாத்தில் வெட்டி விழுந்த குச்சி, அடுப்பெரிக்க, வெட்டினவருக்கே சொந்தம். எல்லா எஸ்டேட்டிலும் அதுதான் வழக்கம். எந்தக் கம்பெனியும் அதில் கை வைத்ததில்லை. நவநீதனுக்கும் அது தெரியும்.

“வெட்டுனவங்களுக்குங்க” என்றார்.

“வண்டிய வெட்டிப்போட்டேனுங்க” என்றாள்.

அதற்குள் அறுத்த இடத்திலிருந்து துரு ஏற ஆரம்பித்திருந்தது. பச்சைத் தகட்டில் பழுப்பு நிறம் கண்ணெதிரே மேலே வந்துகொண்டிருந்தது. கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் படிக்கட்டுப் பலகையின் அடி விளிம்பு உதிர்ந்தது. இத்தனை வருஷம் பொறுத்தது இந்த ஜனத்தின் முன்னால் மண்ணாகக் கொட்டிப்போவதைப் பார்க்கத்தானா என்று அருக்காணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் கவாத்துக்காரி வெறுங்கையோடு வெட்டப் போவதில்லை. குழைத்துக் கொண்டுவந்திருந்த துத்தச் சுண்ணாம்பை அறுத்த முனைகளில் அப்பினாள், குப்புறப் படுத்து உள்ளங்கையால் தேய்த்தாள். துரு ஏறிக்கொண்டே வந்து, படிக்கட்டுப் பலகையைத் தாண்டாமல் நின்றது.

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாம் தடவை வண்டி இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. மூன்று விளக்கும் எரிய, குடோன் கதவை இடது மட்கார்டால் உரசிக்கொண்டு கார் வெளியே வந்தது. ஜேசிபி ஒதுங்கி வழிவிட்டது. நவநீதன் வாய்விட்டுச் சிரித்துக் கை தட்டினார். அருக்காணி நிற்கவில்லை. பிரேக் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், பிடிக்க மனமில்லை. கேட்டைத் தாண்டி, முதல் கியரிலேயே, கோத்தகிரி வரைக்கும் போய்த் திரும்பினாள்.

குடோன் இருந்த இடத்தில் இப்போது காட்டேஜ் இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியின் நிறம் கேட்டபோது, மழைக்குச் செம்பு, வெயிலுக்குப் பச்சை என்றாள், எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருஷம் லைன் வீடுகளையும் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி ஆள் வந்தபோது, ஜனம் கூடி, எங்கள் பேருக்கே வீட்டை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டது. வந்தவர் சிரித்தார். சிரிக்கட்டுங்க, அருக்காணி காருங்க இது, எப்படியும் கைக்கு வரும், என்றது கூட்டம். யாரும் காலி செய்யவில்லை. மழைக்காலத்தில் இடது மட்கார்டு கொஞ்சம் அதிகமாக வளர்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அருக்காணி அதைக் கிள்ளி விடுகிறாள்.