தாலுகா கச்சேரியில் ஒன்ஸ் மோர்

செவ்வந்திப்பட்டணத்தில் கூட்டம் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டுவிட்டால் எதுவானாலும் இன்னொரு தரம் நடந்தாக வேண்டும். நாடகத்தில் செத்துப்போன ராஜாவே எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, மறுபடி பாடிச் சாவார். கடற்கரை ஊர் வழக்கம் அது, யாரும் தப்ப முடியாது.

நாற்பத்தேழு ஆகஸ்ட் பதினைந்து காலையில் தாலுகா கச்சேரி வாசலில் வெள்ளைக்காரத் துரை தம் கொடியை இறக்கினார். நம் கொடி ஏறியது. பக்கத்து சப்ஜெயில் கதவு திறந்து வடமலை வெளியே வந்தான். தபாலாபீஸ் கூரையில் கொடி கட்டி ஐந்து வருஷம் உள்ளே இருந்தவன். அடடா, என்ன கைதட்டல்! பின்வரிசையில் எவனோ ஒரு புண்ணியவான் வாயைத் திறந்துவிட்டான்.

“ஒன்ஸ் மோர்!”

துரை தம் கொடியை மறுபடி ஏற்றினார். வடமலை ஜெயிலுக்குள் போனான். சுதந்திரம் இன்னொரு தரம் வந்தது. மத்தியானத்துக்குள் பதினோரு தரம் வந்துவிட்டது. ஒவ்வொரு தரமும் முந்தினதைவிட நன்றாக வேறு அமைந்து தொலைத்தது.

வடமலை விரலை மடக்கி நாள் எண்ணினான். ஞாயிற்றுக்கிழமை, ஆவணி முதல் முகூர்த்தத்தில், அவனுக்கும் மாமன் மகள் கோமதிக்கும் கல்யாணம். ஜனம் இப்படியே ரசித்துக்கொண்டிருந்தால் தாலி கட்டுவது எப்போது?

“எனக்கும் நாளைக்குக் கப்பல்வே, ஏதாவது பண்ணும்,” என்றார் துரை. அவர் நம்மூர்ப் பேச்சு பழகியவர்.

கோமதி ஜெயில் கம்பியருகே வந்தாள். “தாலுகா கச்சேரின்னாலும் கச்சேரிதான அத்தான்? மங்களம் பாடிட்டா எல்லாரும் எந்திரிச்சிப் போயிருவாவ. நான் பாடுதேன்.”

பன்னிரண்டாவது சுதந்திரம் வந்ததும் கொடிமரத்தடியில் நின்று பாடினாள். ஜனம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டது. வடமலைக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா என்று அவள் பக்கத்தில் போய் நின்றான்.

குரல் அப்படி இருந்தால் புண்ணியவான் என்ன செய்வான், பாவம்!

“மங்களத்துக்கு ஒன்ஸ் மோர்!”

மங்களம் தனியாக வராது. முதல் உருப்படியிலிருந்து தொடங்கித்தான் அதில் வந்து முடிய வேண்டும். துரைக்கும் அது தெரியும். தொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தார்.

“எம்புட்டு நாளாகும் அத்தான்?”

“வெள்ளைக்காரன் வந்து எறங்குனதுல இருந்து கணக்குப் பாத்தா, ஒரு முந்நூத்தம்பது வருசம் இருக்கும்.”

“சரி. தேங்காயை மட்டும் இப்பமே வாங்கிராதிய,” என்றாள் கோமதி.

சாயந்திரம் துரை படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி, நேரே கடைத்தெருவுக்கு வந்தார். பலசரக்குக் கடை முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றி, மிளகு என்ன விலை என்று பணிவாகக் கேட்டார். கடைக்கார அண்ணாச்சி யானை விலை சொன்னார். துரை தயங்கினார்.

வடமலை மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“குறைச்சுக் குடும் அண்ணாச்சி, உமக்குப் புண்ணியமாப் போகும். ஆள் திரும்பிப் போயிட்டாருன்னா என் கல்யாணம் என்னத்துக்கு ஆகும்?”

அண்ணாச்சி தராசை எடுத்தார்.