இருபதாவது நிமிஷம்

"எத்தனை ஆச்சு?" என்று கேட்டார் அப்பா.

அவர் கேட்டது சுவர்க்கடிகாரத்தை இல்லை. டிவியின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஆட்ட நேரத்தை. கண்ணாடி போட்டும் அந்த எண் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள மனசில்லாமல், ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல் கேட்டார்.

"பதினெட்டுப்பா."

"அப்ப என்னைத் திருப்பு."

"ரொம்ப அசைக்க வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காருப்பா."

"டாக்டர் எந்த டீமு?"

அவள் ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்தாள். ஃபுட்பால் கிளப்பின் சலவை அறையில் தினமும் ஈர ஜெர்சிகளைக் கூடை கூடையாகத் தூக்குகிறவள் அவள். அந்தக் கூடைகளில் பாதி கனம்கூட அப்பா இல்லை. அது அவளைப் பயமுறுத்தியது.

முப்பது வருட வெல்டிங் புகை அவருடைய நுரையீரலில் உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, முன்னறையில் டிவிக்கு எதிரே கட்டிலைப் போடச் சொன்னதுதான் அப்பா போட்ட ஒரே நிபந்தனை. அந்தக் கட்டிலுக்கு அம்மா வாங்கிய மெத்தை, கிளப் முதலாளியின் கம்பெனி மெத்தை. ஊரிலேயே முதுகு வலிக்காத மெத்தை அதுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் தரையில் படுத்துக்கொள்வார் என்பதால், வந்த அன்றே கத்தரிக்கோலை எடுத்து லேபிளை வெட்டிவிட்டாள் அம்மா.

அப்பா இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டிவியில் இருபதாவது நிமிஷம் வந்தது. கிழக்குப் பக்கத்துக் கூட்டம் முழுவதும் எழுந்து, எதிர்ப்பக்கம் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. கேமரா வழக்கம்போல அவர் முகத்துக்குப் போனது. அவரும் வழக்கம்போலத் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடமாக நடக்கிற கூத்து இது. சொந்த மைதானத்தில் எப்போது ஆட்டம் நடந்தாலும் இருபதாவது நிமிஷத்தில் எழுந்து, திரும்பி, ஒரு நிமிஷம் நிற்பார்கள். எதற்கு இது என்று பத்திரிகைகளில் ஆளுக்கொரு காரணம் எழுதினார்கள். கிளப்பின் சின்னத்தை மாற்றியதற்கு என்றது ஒன்று. வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்குப் பணத்தைக் கொட்டி, வந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்ததற்கு என்றது இன்னொன்று. ஒரே சீசனில் மூன்று கோச்சை வீட்டுக்கு அனுப்பியதற்கு, வாசலில் தங்க நிறத்தில் கேட் வைத்ததற்கு என்றெல்லாம் சொன்னார்கள். மெத்தைக்காரன் டீம் தூங்கத்தானே செய்யும் என்று மைதானத்துக்கு வெளியே பலூன் விற்கிறவர்கூடப் பேசினார்.

ஆனால் ஏன் இருபது என்பது நாலே பேருக்குத்தான் தெரியும். அப்பா, பெயிண்டர் மாமா, விசில் மாமா, அவள். இருபது என்பது தகரக் கணக்கு.

கிழக்குப் பக்கம் பதினோராவது வரிசையில் அப்பாவுக்கும் இரண்டு மாமாக்களுக்கும் இருபத்தைந்து வருடமாகப் பக்கத்துப் பக்கத்து சீட். மேலே கூரை ஒழுகும். மழை பெய்தால் முதல் பாதி ஆட்டம் கழுத்துக்குள், இரண்டாம் பாதி செருப்புக்குள் என்பார் விசில் மாமா. குழாய் வேலை செய்கிறவர், இரண்டு விரலை வாயில் வைத்து அவர் அடிக்கிற விசிலுக்கு நடுவரே ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார். ஒரு நாள் மூன்று பேரும் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அப்பா சொல்லச் சொல்ல, போர்டு எழுதிப் பழகிய கையெழுத்தில் பெயிண்டர் மாமா எழுதினார். சலவை அறையில் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதத்தில் இருந்த அவளிடம் அதைக் கொடுத்தனுப்பினார்கள்.

பஸ்ஸில் அவள் அதைப் பிரித்துப் படித்தாள். கடிதமெல்லாம் மரியாதையாகத்தான் இருந்தது. பின்குறிப்புதான் வினை. "உங்க ஸ்ட்ரைக்கருக்கு வர்ற பந்தை நிறுத்தத் தெரியல. எங்க தெரு நாய்க்குத் தெரியும்." வேலை நிரந்தரம் ஆகட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

"குடுத்தியா பாப்பா?" என்று அன்று சாயங்காலம் அப்பா கேட்டார்.

"குடுத்துட்டேன்பா."

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. அப்பா ஒரு மாதம் காத்திருந்தார், இரண்டு மாதம் காத்திருந்தார். தபால்காரர் தெருவில் திரும்பினால் வாசலுக்குப் போய் நின்றார். "அவன் கெட்டவன் இல்லடா. கையைவிட்டுச் செலவு பண்றான். ஆனா கூரை ஒழுகுற வீட்டுக்குத் தொங்குவிளக்கு வாங்குறான். யாராவது எடுத்துச் சொன்னாக் கேப்பான்" என்று முதலில் மாமாக்களிடம் சொன்னவர், மூன்றாவது மாதம் வேறு மாதிரி சொன்னார். "ஒரு வரி பதில் போட மனசில்லாதவனுக்கு நான் எதுக்கு மூஞ்சி காட்டணும்?" அடுத்த ஆட்டத்தில் தகரத்துக்கு ஒரு நிமிஷம் என்று இருபதாவது நிமிஷத்தில் எழுந்து திரும்பினார். முதலில் மூன்று முதுகு. பிறகு ஒரு வரிசை. பிறகு கிழக்குப் பக்கம் மொத்தமும்.

அதற்குப் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அப்பா படுத்ததிலிருந்து அந்தக் கடிதம் அவள் கைப்பையில்தான் இருந்தது. தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அவர் திரும்பி முகத்தைப் பார்த்தால், கஞ்சி வேணுமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள்.

இப்போது அவர் முகம் தெரியவில்லை. ஆட்டத்துக்கு எப்போதும் போட்டுக்கொள்கிற பழுப்பு ஸ்வெட்டரின் இடது தோளில் அம்மா தைத்த ஒட்டு மட்டும் தெரிந்தது. அவருடைய ஆள்காட்டி விரல் மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தது. அறுபதுவரை எண்ணுவது அவர் பழக்கம்.

"அப்பா, அந்த லெட்டரை நான் குடுக்கவே இல்லப்பா" என்றாள். "பயந்துட்டேன். பொய் சொன்னேன். அவர் அதைப் பாக்கவே இல்ல."

டிவியில் திடீரென்று பெரிய கூச்சல் எழுந்தது.

"என்ன, போட்டுட்டாங்களா?" என்று சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள்.

விரல் நின்றிருந்தது. அவள் பேசுவதற்கு முன்னால் நின்றதா, பேசிய பிறகு நின்றதா? அவள் விரலைப் பார்க்கவில்லை, ஸ்வெட்டரின் ஒட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம் முடிந்து டிவியில் எல்லாரும் முன்பக்கம் திரும்பினார்கள். அவளும் அப்பாவைத் திருப்பினாள்.

"கேக்கிறேன்ல, போட்டாங்களா இல்லையா?"

"போட்டுட்டாங்கம்மா" என்று சொன்னாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை அதைத் தவிர வேறு எதுவும் அவளால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு முன்னறை நிறைய ஆட்கள் நின்றிருந்தார்கள். கட்டிலை நகர்த்திவிட்டு நடுவில் அப்பாவைக் கிடத்திய பெட்டியை வைத்திருந்தார்கள். ஸ்வெட்டரையே போட்டுவிடச் சொல்லிவிட்டாள் அம்மா. வெயில் காலம்தானே என்று யாரோ சொன்னதற்கு, "அவருக்கு இனிமே என்ன வெயிலு" என்றாள். பெட்டியின் தலைமாட்டில் பெயிண்டர் மாமாவும் விசில் மாமாவும் நின்றுகொண்டிருந்தார்கள். மைதானத்தில் நிற்கிற அதே வரிசை. நடுவில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள் என்பதை அவர்களே கவனிக்கவில்லை.

"அந்தக் கூரைதான் இவனைக் கொண்டுபோச்சு" என்றார் விசில் மாமா. குரல் கட்டியிருந்தது. "போன மழையில ரெண்டு மணி நேரம் நனைஞ்சான். அடுத்த ஆட்டத்துக்கு இவன் போட்டோவைப் பெருசாப் போட்டுத் தூக்கப் போறோம். கூரை கொன்ன மனுஷன்னு எழுதுவோம். என்ன பாப்பா, உனக்குச் சம்மதம்தானே?"

"கூரை இல்ல மாமா. டாக்டர் புகைன்னு சொன்னாரு."

"புகை பாதி, கூரை பாதின்னு வெச்சுக்கோ."

"விடுடா" என்றார் பெயிண்டர் மாமா. "பாப்பா வேலைக்கு உலை வெச்சிடாத. அந்தாளும் பாவம், வேற ஊரு முதலாளிங்க மாதிரி மைதானத்தை வித்துட்டு ஓடலையே. நட்டம்னு தெரிஞ்சும் போட்டுக்கிட்டே இருக்கான்ல."

"போட்டு என்ன? ஒரு லெட்டருக்குப் பதில் போட்டானா?"

அவள் அங்கிருந்து நகர்ந்து ஜன்னல் பக்கம் போனாள். அப்போதுதான் தெருமுனையில் கார் நின்றதைப் பார்த்தாள். முதலாளி இறங்கித் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் சின்னதாக ஒரு பூங்கொத்து இருந்தது. கிளப்பில் வேலை செய்கிற யார் வீட்டில் சாவு என்றாலும் அவர் போவார் என்று சலவை அறையில் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தன் வீட்டுக்கும் வருவார் என்று நினைக்கவில்லை.

அவர் வாசற்படியில் கால் வைத்தார். பெயிண்டர் மாமாவும் விசில் மாமாவும் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. இரண்டு வருடப் பழக்கம், உடம்பு தானாகவே திரும்பிவிட்டது. மின்சார மீட்டர் பெட்டியை முறைத்துப் பார்த்தபடி இரண்டு பேரும் நின்றார்கள். திரும்பிய பிறகுதான் இது சாவு வீடு என்பது உறைத்திருக்க வேண்டும், பெயிண்டர் மாமாவின் காது சிவந்தது. ஆனால் திரும்பியவர் எப்படி மறுபடி திரும்புவது?

முதலாளி பூவை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார். ஸ்வெட்டரைப் பார்த்தார். தோளில் இருந்த ஒட்டைப் பார்த்தார். பிறகு மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்ற இரண்டு முதுகுகளைப் பார்த்தார்.

"பதினோராவது வரிசை" என்றார் மெதுவாக. "இவருதான் உங்க அப்பாவாம்மா? எனக்குத் தெரியாதே."

"ஆமா சார்."

"எப்பவும் முதல்ல திரும்புறவர். மடியில வெச்ச போன்ல இந்த ஒட்டைப் பாத்துத்தான் அடையாளம் கண்டுபிடிப்பேன். முகத்தை இப்பதாம்மா பாக்குறேன்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சின்னத்தை மாத்தினதுக்குக் கோவம்னாங்க. பழைய சின்னத்தையே கொண்டுவந்தேன். அப்பவும் திரும்பினாரு. ஸ்ட்ரைக்கர் மேல கோவம்னாங்க. பாதி விலைக்கு வித்தேன். அப்பவும் திரும்பினாரு. என்னதான் வேணும் இந்த மனுஷனுக்குன்னு வீட்டுல புலம்புவேன். நேரா வந்து கேட்டிருக்கலாம். சத்தியமா, பயமா இருந்துச்சும்மா."

பயந்தவர்கள் இந்த அறையில் இரண்டு பேர். அவளுடைய பயத்துக்கு அப்பாவும் விலை கொடுத்திருக்கிறார், இந்த மனிதரும் கொடுத்திருக்கிறார். வேலை போனால் போகட்டும் என்று அவள் நினைக்கவில்லை. அப்படி நினைக்கிற தைரியம் அவளுக்கு அப்போதும் இல்லை. கைதான் பையைத் திறந்தது.

"இது அப்பா உங்களுக்கு எழுதினது சார். ரெண்டு வருஷம் ஆச்சு. உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு. நான்தான் குடுக்கல. குடுத்துட்டேன்னு பொய் சொன்னேன்." அறை முழுவதற்கும் கேட்டது. இரண்டு முதுகுகளுக்கும் கேட்டது. விசில் மாமாவின் தோள் ஒருமுறை அசைந்தது.

முதலாளி கடிதத்தைப் பிரித்தார். உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிறவர்போல் மெல்லப் படித்தார்.

"ஐயா, கிழக்குப் பக்கக் கூரையில இருபது தகரம் ஓட்டை. தகரம் மட்டும் வாங்கித் தாங்க. வெல்டிங், பெயிண்ட், குழாய் எல்லாம் எங்க பொறுப்பு. கூலி வேணாம். ஆட்டம் இல்லாத ரெண்டு ஞாயித்துக்கிழமை போதும்."

பின்குறிப்பில் அவர் கண் நின்றது. வாய் ஓரம் லேசாகத் துடித்தது. சாவு வீடு என்பதால் அடக்கிக்கொண்டார்.

"இருபது தகரமா?" என்றார். "இருபது தகரத்துக்காம்மா இவ்வளவும்?"

பதில் மீட்டர் பெட்டிப் பக்கமிருந்து வந்தது.

"இப்ப இருபது பத்தாது" என்றார் விசில் மாமா, திரும்பாமலே. குரல் உடைந்திருந்தது. "ரெண்டு வருஷம் ஆயிடுச்சுல்ல. இப்ப இருபத்தாறு வேணும்."

"இருபத்தேழு" என்றார் பெயிண்டர் மாமா. "தூணுக்கு மேல ஒண்ணு இருக்கு. இவன் படுக்குறதுக்கு முன்னாடியே சொன்னான்."

முதலாளி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். எழுத மேஜை இல்லை. கடிதத்தைத் திருப்பிச் சுவரில் வைத்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இருபத்தேழு என்று எழுதினார். எழுதி முடித்த பிறகும் அப்படியே நின்றார். கோட்டின் முதுகு லேசாகக் குலுங்கியது. அவள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் ஆள்காட்டி விரல் மற்ற விரல்களோடு மடங்கிக் கிடந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள். மகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மீட்டர் பெட்டிப் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நிமிஷம் ஆயிடுச்சு" என்றாள். "யாராவது அந்த மனுஷனுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க."

முதலில் திரும்பியது விசில் மாமாதான். சட்டைக்கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்து, பெட்டியைப் பார்த்தபடி போட்டார்.