கடைசி வரி மனப்பாடம்

கண்ணாடிக் கடையில் பத்தொன்பது வருடமாகப் பவர் பார்க்கிறவள் அவள். அதனால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் பவர் அக்கா. கறுப்பு நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டே பாதி ஊரைப் படிக்க வைத்தவள். ஒருவர் வாசல்படி ஏறுகிற விதத்திலேயே அவர் கண்ணில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை மற்றவர்களைவிட அவள்தான் அதிகம் நம்பினாள்.

நோய்ப் பரவல் வந்த பிறகு கடையில் கூட்டம் கூடித்தான் போனது. மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று சிலர். போனிலேயே பள்ளிக்கூடம் நடந்ததில் பிள்ளைக்குப் பவர் ஏறிவிட்டது என்று சிலர். எல்லோருக்கும் அவளிடம் பதில் இருந்தது.

"மாஸ்க் மேல் ஓரத்தை மூக்குல நல்லா அழுத்தி விடுங்க. மூச்சுக்காத்து மேல ஏறித்தான் ஆவி படியுது, கண்ணும் காயுது."

"பிள்ளையைக் கொஞ்சம் வெளிய விளையாட விடுங்க. போன் எங்கயும் ஓடிடாது."

"கண்ணு செவந்தா சொந்தமா மருந்து ஊத்தாதீங்க. டாக்டரைப் பாருங்க."

இந்தக் கடைசி அறிவுரையை மட்டும் அவள் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்து எழுந்தவளுக்கு இடது கண் சிவந்தது. வெளிச்சம் கூசியது, தண்ணீர் வடிந்தது. அசதி என்றாள். கடை மேஜை டிராயரில், முதலாளி தன் கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட சொட்டு மருந்து மிச்சம் கிடந்தது. அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை ஊற்றினாள். இரண்டே நாளில் சிவப்பு குறைந்தது. பார்வை மட்டும் மங்கலாகவே இருந்தது.

அதற்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. தினமும் கடை திறந்ததும் வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிப்பாள். "ட, ங, ப, ய, ம, ல." ஆறும் தட்டாமல் வந்துவிடும். டாக்டரிடம் போகலாமா என்று வீட்டுக்காரர் கேட்டபோதெல்லாம், "கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். எனக்கேவா?" என்று வாயை அடைத்துவிடுவாள்.

சனிக்கிழமை நாத்தனார் வந்தாள். கணக்கு டீச்சர். ரெண்டு வருஷம் போனில் பாடம் நடத்தியதில் கண்ணில் மண் விழுந்த மாதிரியே இருக்கிறது என்று அவளுக்குப் புகார். பவர் அக்கா சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தபோது நாத்தனார் கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, என்னைப் பார்க்கறது இருக்கட்டும். உங்க கண்ணு ஏன் இப்படிச் சுருங்கிக் கிடக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்பவே காட்டட்டுமா?"

வலது கண்ணை மூடிக்கொண்டே பலகையின் விளக்கைப் போட்டாள். "ட, ங, ப, ய, ம, ல. போதுமா?"

நாத்தனார் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"அண்ணி, அங்க எழுத்தே இல்ல. எல்லாம் நம்பரு."

கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை எண்கள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "நீங்க சாப்பிடப் போனப்ப மாத்தினேம்மா. ஆளுக்கு ஆள் சானிடைசர் போட்டுத் துடைச்சதுல பழசுல எழுத்தே கரைஞ்சு போச்சு."

மறுபடியும் வலது கண்ணை மூடினாள். மேலே ஒரு பெரிய எண் தெரிந்தது, அதன் கீழே இன்னும் இரண்டு. மற்றதெல்லாம் பனி. அந்தப் பழைய வரி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இத்தனை நாளும் படித்தது கண் இல்லை, வாய்.

"ஊருக்குத்தான் உபதேசமா? பையை எடுங்க," என்றாள் நாத்தனார்.

"சனிக்கிழமை, கடையில கூட்டம்..."

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? நடங்க அண்ணி."

பலகைக் கதையை நாத்தனார் ஒன்றுவிடாமல் சொல்ல, கண் டாக்டர் அம்மா மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"கருவிழியில புண்ணு. காய்ஞ்ச மரக்கிளை மாதிரி ஓடியிருக்கு. உதட்டுல கொப்புளம் வருமே, அந்த வைரஸ். உள்ள தூங்கிட்டு இருந்தது, காய்ச்சல்ல உடம்பு அசந்ததும் கிளம்பியிருக்கு. மருந்து ஏதாவது ஊத்தினீங்களா?"

பவர் அக்கா பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"இது ஸ்டீராய்டும்மா. செவப்பை அடக்கும், புண்ணை வளர்க்கும். இப்ப கருவிழி நடுவைத் தொடப் போகுது. அங்க தழும்பாயிட்டா எந்தக் கண்ணாடிக்கும் கேக்காது."

கண்ணாடிக்குக் கேட்காத கண்ணை வைத்துக்கொண்டு கண்ணாடிக் கடையில் என்ன செய்வது?

"பார்வை திரும்புமா டாக்டர்?"

"சொன்னபடி மருந்து போட்டா நல்லாவே வாய்ப்பு இருக்கு."

"போடறேன். ஒரு வேளைகூடத் தப்பாது," என்றாள். தப்பவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வேளை களிம்பு. கண் கூசாமல் இருக்க வீட்டுக்காரர் ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டினார். நாத்தனார் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே போன் செய்தாள். "மூணாவது வேளை ஆச்சா? பொய் சொன்னா முட்டி போட வைப்பேன்." இரண்டாவது வாரம் போர்வையைக் கழற்ற முடிந்தது.

மூன்று வாரம் கழித்து டாக்டர் வரச் சொன்னார். அறை வாசலில் பவர் அக்கா இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டாள்.

"என்ன அண்ணி?"

"நல்ல கண்ணால பார்த்தா பாழாப்போன மனசு பாடம் பண்ணிடும். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

"பொண்ணு பார்க்க வந்தப்பகூட இவ்வளவு அடக்கமா நடந்திருக்க மாட்டீங்க," என்றாள் நாத்தனார்.

நாற்காலியில் உட்கார்ந்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணைத் திறந்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஐந்து வரி இறங்கினாள். ஆறாவது வரியில் இரண்டு எழுத்துத் தடுமாறி வந்தது.

"கடைசி வரி?"

"தெரியல டாக்டர்."

டாக்டர் சாயம் விட்டுப் பார்த்தார். "புண்ணு ஆறிடுச்சு. ஓரத்துல லேசா ஒரு தழும்பு, நடு சுத்தமா இருக்கு. மீதி வரிக்குக் கண்ணாடி போதும்."

நாத்தனார் மூச்சு விட்டாள். பவர் அக்கா அதற்குள் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டாள்.

"தழும்பு இழுத்துக் கருவிழி கோணினதுல சிலிண்டர் பவர் வந்திருக்கும் டாக்டர். எவ்வளவுன்னு நானே கடையில பார்த்துக்கட்டுமா?"

"பாருங்க," என்றார் டாக்டர், சீட்டில் எழுதிக்கொண்டே. "வேற கடையில."