காருக்குச் சைக்கிள் கரியர்

சைக்கிள் என்பது மனிதனைச் சுமக்கிற சாமான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சைக்கிளை ஒரு கார் சுமக்க வேண்டும், அந்தக் காரை நான் ஓட்ட வேண்டும் என்று எனக்குப் புத்தி சொன்னவர் சண்முகலிங்கம் ஐயா.

ஐயாவின் வீடு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் அவர் கணக்காளர். நான் அவருடைய ட்ரைவர், பெயர் இருளப்பன், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரன். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட அறையில் ஆறு வருடமாகப் படுத்து எழும்பிக்கொண்டிருந்தேன். இது நடந்தது தொண்ணூற்றெட்டில். சண்டை வடக்கில் என்று பெயர், ஆனால் வெள்ளவத்தையில் ஒரு இறாத்தல் பாண் வாங்கிவருவதற்குள் இரண்டு தரம் அடையாள அட்டையை நீட்டியாக வேண்டும்.

ஐயாவுக்குச் சீனி வருத்தம் கண்டது. டொக்டர் சைக்கிள் ஓடச் சொன்னார். ஐயா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், வேலை, கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போனவர்தான். ஆனால் கொழும்பில் கார் வைத்திருக்கிற கணக்காளர் சைக்கிளில் வாசலால் வெளிக்கிட்டால் ஒழுங்கை என்ன சொல்லும்? காரை விற்றுவிட்டார் என்று சொல்லாதா? ஆகவே சைக்கிளைக் காரில் ஏற்றி, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத சுதந்திர சதுக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கே இறக்கி ஓடுவது என்று தீர்மானமானது. இதற்கு எங்கள் தோட்டத்தில் கொழுப்பு என்று சொல்வார்கள்.

அதற்கு ஒரு கரியர் வேண்டும். ரொறன்ரோவிலிருந்து ஐயாவின் மச்சான் ஒரு படப் புத்தகம் அனுப்பினார். கூரையில் மாட்டுகிறது, டிக்கிக் கதவில் தொங்கவிடுகிறது, அடியில் கொக்கி வைத்துப் பூட்டுகிறது என்று அதில் மூன்று வகை இருந்தது. மூன்று கிழமை அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. பக்கத்து வீட்டு யோகநாதன் ஐயா ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணிக்கு வந்துவிடுவார். அவரிடம் காரும் இல்லை, சைக்கிளும் இல்லை, அபிப்பிராயம் மட்டும் நிறைய இருந்தது.

"கூரையில போட்டால் காத்துப் பிடிச்சு இழுக்கும் சண்முகம். பெற்றோல் சும்மா குடிக்கும்."

"ஓம், நானும் அதைத்தான் யோசிச்சனான். பின்னால எண்டால் பாக்கிறதுக்கும் ஒரு வடிவு."

நூறு அடிக்கு ஒரு தார்ப்பீப்பாயை உருட்டி ஆமி ரோட்டை மறித்து வைத்திருக்கிற ஊரில் எந்தக் கார் காற்று இழுக்கிற வேகத்தில் போகிறது? ஆனால் நான் ட்ரைவர்தானே, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாத ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"ஐயா, பின்னால மாட்டுனா நம்பர் பிளேட்டு மறைஞ்சிருங்க. டிக்கியும் தெறக்க ஏலாது. செக் பொயின்டுல மொதல்ல டிக்கியத்தாங்க தெறக்கச் சொல்லுவான்."

"அதுக்குத்தானே நீ இருக்கிறாய். கழட்டிக் காட்டிப்போட்டுத் திரும்பப் பூட்டு."

இதே மூன்று கிழமையும் நான் ஐயாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் கொடுக்கிற படிவத்தில் என் பெயரையும் எழுத வேண்டும். எழுதினால் எனக்கு ஒரு துண்டு தருவார்கள். துண்டு இல்லாவிட்டால், தோட்டத்து விலாசத்தோடு கொழும்பில் நிற்கிற தமிழனுக்கு யார் பொறுப்பு என்பான் ஆமிக்காரன். ஐயாவிடம் வருவதற்கு முன் கொட்டாஞ்சேனையில் என்னை அப்படித்தான் அள்ளிப்போய்ப் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். என் பெண்சாதி சீனியம்மா மலையிலிருந்து பஸ் ஏறி வந்து, பொலிஸ் வாசலில் நின்று கத்திக் கத்தி, பிறகு ஒரு மாதம் அவளுக்குக் குரல் வரவில்லை. இன்னொரு தரம் பிடிபட்டால் நேரே தடுப்பு முகாம்தான் என்று சொல்லித்தான் விட்டார்கள். ஐயாவின் கொள்ளுப்பிட்டிக் கந்தோருக்குப் போகிற பாதையில் நிற்கிற ஆமிக்காரர்களுக்கு என்னைப் பழக்கம், அதனால் தப்பிக்கொண்டிருந்தேன். சுதந்திர சதுக்கத்துக்குப் போகிற பாதை புதுசு, அங்கே என்னை ஒருவனுக்கும் தெரியாது.

ஐயாவின் பெண்சாதி கௌரி அம்மாவும் ஒரு நாள் எனக்காகக் கதைத்தார்.

"பாவமப்பா. அவன்ரை பேரையும் ஒருக்காப் பதிஞ்சு விடுங்கோவன்."

"பதிஞ்சால் பிறகு வீட்டுக்கு வந்து குடைவாங்கள் கௌரி. வீண் கரைச்சல். பாப்பம்."

யாழ்ப்பாணத்து ஆட்கள் மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்வதற்கு வைத்திருக்கிற சொல் இந்தப் 'பாப்பம்'. பொலிசுக்குப் போய்வர அரை மணித்தியாலம் போதும். கரியர் ஒன்றைத் தெரிவு செய்ய மூன்று கிழமை இருந்த மனிதரிடம் அந்த அரை மணித்தியாலம் இல்லை.

கடைசியில் படப் புத்தகத்தோடு புறக்கோட்டைக்குப் போனோம். மஷூர் நானா சைக்கிள் சாமான் விற்கிறவர். ஐயா சைக்கிள் கரியர் என்று கேட்க, அவர் சைக்கிளின் பின்சில்லுக்கு மேல் பூட்டுகிற கரியர் நாலைந்தை எடுத்துப் பரப்பினார்.

"சைக்கிளுக்கு இல்லை. காருக்கு" என்றார் ஐயா.

மஷூர் நானா படத்தைப் பார்த்தார், வெளியே நின்ற காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சேர்ட சைக்கிள் ஓடாதா?"

"ஏன், நல்லா ஓடும்."

"ஓடுற சைக்கிளை ஏன் சேர் காருல ஏத்துற?"

ஐயாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பிறகு மஷூர் நானாவே தெரிந்த வெல்டிங் ஒட்டுக்காரனிடம் சொல்லி, இரும்புக் குழாயை வளைத்து, டிக்கிக்குக் குறுக்கே எட்டு நட்டுப் போட்டுப் பூட்டுகிற மாதிரி ஒன்றைச் செய்வித்துக் கொடுத்தார். கடற்காற்றுக்குக் கறள் பிடிக்கும் என்று, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைக் கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, டேப் ஒட்டி, அந்தக் குழாயில் ஐயா தன் கையாலேயே கட்டினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விடுவதென்றால் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெளிக்கிட்டோம். பம்பலப்பிட்டி தாண்டித் திரும்பிய உடனேயே செக் பொயின்டில் ஆமிக்காரன் நிறுத்தினான். நம்பர் பிளேட் எங்கே என்று முதல் கேள்வி. இரண்டாவது, நான் சொன்ன மாதிரியே, டிக்கியைத் திற.

"டிக்கிய அரின்ன."

நான் ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு நட்டாகக் கழற்றத் தொடங்கினேன். சைக்கிளை இறக்கி வைத்தேன். அப்போதுதான் ஒரு ஆமிக்காரன் பொலித்தீனில் சுற்றிய நீளச் சாமானைக் கண்டான்.

"மே மொகக்த?"

என்ன இது என்று என்னைத்தான் கேட்டான். ஆனால் ஐயா முந்திக்கொண்டார். அவர் சிங்களம் படித்தது தமிழ் எழுத்தில் அச்சடித்த புத்தகத்தில். சிங்களத்தில் பம்புக்கும் பெயர் 'பொம்பய', குண்டுக்கும் கிட்டத்தட்ட அதே பெயர். பம்பு என்றால் 'பல்'லில் வருகிற ப, குண்டு என்றால் 'அம்பு'வில் வருகிற பு மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப. ஐயாவோ, சிங்களம் என்றால் எல்லாவற்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நம்புகிறவர். சிரித்த முகத்தோடு கம்பீரமாகச் சொன்னார்.

"பய வென்ன எபா மஹத்தயா. மே பொம்பயக் விதரய்."

பயப்படாதீர்கள், இது வெறும் குண்டுதான் என்று அதற்கு அர்த்தம்.

மூன்று துவக்கு எங்கள் பக்கம் திரும்பியது. முழங்காலில் இருத்தினார்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார்கள். ஐயா தான் சொன்னதுதான் விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னும் அழுத்தமாக அதையே இரண்டாம் தரமும் சொன்னார். அடப் பாவி மனிதா, வாயை மூடு என்று என் மனம் கதறியது.

நான் பேலியகொடை மீன் சந்தையில் நாலு வருடம் பெட்டி தூக்கினவன். என் சிங்களம் புத்தகத்தில் வந்ததில்லை. தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னேன், இவர் சொல்வது ஹுலங் கஹன பொம்பய, காற்றடிக்கிற சாமான், தமிழ் வாய்க்கு அது இப்படித்தான் வரும் என்று. நீயே பிரி என்றான் அவர்களுடைய கோப்ரல். பொலித்தீனைப் பிரித்து, சைக்கிளின் முன்சில்லுக்கு நாலு அடி அடித்துக் காட்டினேன். கோப்ரல் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், ஒருவன் துவக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். ஐயாவும் கூடச் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

சிரித்து முடிந்ததும் கோப்ரல் அட்டைகளை வாங்கினான். ஐயாவிடம் எல்லாம் சரியாக இருந்தது. என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொழும்புப் பதிவு எங்கே என்றான். இல்லை என்றேன். அவன் ஐயாவிடம் திரும்பி, இவன் உங்கள் வீட்டிலா இருக்கிறான் என்று கேட்டான்.

ஓம் என்றால், ஆறு வருடம் ஏன் பதியவில்லை என்று அவரைக் கேட்பான். அது ஐயாவுக்கு விளங்கியது. கணக்காளர் அல்லவா.

"தன்னே நே மஹத்தயா. அத ஹந்தியென் கத்த ட்ரைவர் கெனெக். நமவத் தன்னே நே."

தெரியாதாம். இன்றைக்குச் சந்தியில் பிடித்த ட்ரைவராம். என் பெயர்கூடத் தெரியாதாம். ஐந்து நிமிடத்துக்கு முன்தான் அந்த மனிதரின் உயிரை ஒரு எழுத்தில் காப்பாற்றிக் கொடுத்தேன். சீனியம்மா மறுபடியும் பொலிஸ் வாசலில் வந்து நின்று கத்தப்போகிறாள்.

ஜீப்பில் ஏறு என்றான். ஏறினேன். ஐயா ரோட்டில் கிடந்த சைக்கிளையும் கரியரையும் எட்டு நட்டையும் பார்த்தார். அவருக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. வழக்கமான குரலில், வீட்டு முற்றத்தில் நிற்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"இருளப்பன், போறதுக்கு முதல் உந்தக் கரியரை ஒருக்காப் பூட்டிப்போட்டுப் போ."

கோப்ரலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் அட்டை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அதில் சிங்களத்தில் எழுதியிருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தான். பிறகு ஐயாவின் தோளில் கை போட்டு, மிகவும் மரியாதையாக, அவரையும் ஜீப்பில் ஏற்றினான்.

பொலிசில் இன்ஸ்பெக்டர் ஒரு படிவத்தை நீட்டி, எழுதுங்கள், இல்லாவிட்டால் இருவரும் உள்ளே இருங்கள் என்றார். ஐயா எழுதினார். என் அப்பாவின் பெயரை அன்றைக்குத்தான் என்னிடம் கேட்டார். எந்தத் திகதியிலிருந்து வீட்டில் இருக்கிறார் என்ற இடத்தில் அன்றைய திகதியைப் போட்டார். என் ஆறு வருடம் அந்தக் கோட்டுக்கு மேல் காணாமல் போய்விட்டது, ஆனால் முத்திரை குத்திய துண்டு என் கைக்கு வந்துவிட்டது.

வெளியே வந்ததும் ஐயா என் பக்கம் திரும்பினார்.

"இருளப்பன், நடந்ததை ஒண்டும் மனசில வச்சிருக்காதை."

"மனசுல வைக்கலீங்க ஐயா" என்றேன். "சட்டப் பையில வச்சிருக்கேன். நாளையிலருந்து வேற ட்ரைவரப் பாருங்க."