மூன்றாவது கன்னம்

துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்துச் சமையலறை மேசைமேல் கிடத்தியதுமே கண்ணில் பட்டுவிட்டது. கன்னக்கட்டை உயர்ந்திருந்தது. உயரத்துக்கு அடையாளமாக அதன் தண்டில் மையால் போட்டிருந்த என் சிவப்புக் கோட்டுக்கு மேலே, என் கணவன் ஒட்வாரின் நீலக் கோட்டுக்கும் மேலே, இந்த வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாத ஓர் உயரத்தில் இறுகத் திருகப்பட்டு நின்றது.

எங்கள் இருவருக்கும் ஒரே துப்பாக்கிதான். கன்னக்கட்டை என்பது சுடும்போது கன்னத்தைச் சாய்த்துவைக்கிற மரக்கட்டை, திருகைத் திருப்பி ஏற்றலாம், இறக்கலாம். உயரம் சரியாக இருந்தால் தலையைச் சாய்த்ததும் கண் தானாக, குறிபார்க்கிற பின்குறியின் துளைக்கு நேரே வந்து நிற்கும். மயிரிழை தப்பினால் கழுத்து இழுக்கும், தோள் இறுகும், முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிற இலக்கில் குண்டு எங்கேயாவது போய் உட்காரும். எனக்குப் பன் மாதிரிக் கன்னம், கட்டை தாழ இருக்கவேண்டும். ஒட்வாருக்கு அதைவிடக் கொஞ்சம் மேலே. தான் சுட்டு முடித்ததும் அதை என் கோட்டுக்கு இறக்கிவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். கல்யாணமான நாளிலிருந்து அவன் என்னிடம் காட்டுகிற மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். பூங்கொத்து வாங்கித் தருகிற ஆள் இல்லை அவன்.

இன்னும் உயரம் கேட்கிறது என்றால் அது சதையில்லாத கன்னம். எலும்பு எடுப்பான, நீளமான முகம். இந்தப் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட முகத்தை அழகு என்பார்கள்.

அதோடு, கட்டையைச் சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் படுத்துக் கண்ணை மூடிக் கன்னத்தைச் சும்மா சாய்க்கவேண்டும். இன்னொருவர் எதிரே மண்டியிட்டு, கண் திறந்ததும் துளைக்கு நேரே இருக்கிறதா என்று பார்த்துத் திருகவேண்டும். ஒட்வார் எனக்கு முதல்முதலாக அதைச் செய்துவிட்டபோது நாங்கள் காதலர்கள்கூட இல்லை. நான் கண் திறந்தால் ஒரு சாண் தூரத்தில் அவன் சாம்பல் நிறக் கண். அன்றைக்கு நான் ஒரு குண்டுகூட ஒழுங்காகச் சுடவில்லை. அதனால் அந்த மண்டியிடலில் என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. அவன் தனியாகத்தான் பயிற்சிக்குப் போகிறான். அன்றும் அப்படித்தான் போய்வந்திருந்தான்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். அன்று உருளைக்கிழங்கு அடிப்பிடித்தது. மறுநாள் ஆடுகளை மேய்ச்சலுக்கு விரட்டிவிட்டு வேலிக்கதவைத் திறந்துபோட்டு வந்தேன். இரவிலும் வெளிச்சம் போகாத மாதம், படுத்தால் திரைச்சீலை ஓரத்தில் வெயில். பக்கத்தில் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்குகிறானா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் தூங்குவதாக நடித்துக்கொண்டிருந்தோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

வியாழக்கிழமை எல்லோரும் கூடுகிற பயிற்சி. சுடுதளத்துக் குடிசையில் குன்வோர் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் சங்கத்தின் காப்பியும் வம்பும் அவள் பொறுப்பு. நான் கோப்பையை வைத்துக்கொண்டு வருகிற போகிற முகத்தையெல்லாம் அளந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஆசிரியையாக வந்திருக்கிற சில்யே உள்ளே வந்தாள். நீளமான முகம், கத்தியால் சீவினாற்போலக் கன்ன எலும்பு.

"என்னடி இங்வில், சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்கிற மாதிரி எல்லார் மூஞ்சியையும் பாக்கிற?" என்றாள் குன்வோர்.

"செவ்வாக்கிழமை இந்தப் பொண்ணு வருவாளா? எங்க துப்பாக்கியில சுடுவாளா?"

"யாரு, சில்யேவா? வருவா." குன்வோர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் மாவுக்கரண்டியைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி! அவ இடதுகைக்காரிடி. உங்க வலதுகைத் துப்பாக்கியில கன்னம் வெச்சான்னா மூக்குதான் பேரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டுபோன மாதிரி இருந்தது. அவள் விடவில்லை.

"உன் ஆளு யார்கிட்டயும் பேசறதேயில்ல. கடைசிப் பாயில தனியாப் படுத்துக் கிடப்பான். பாதி நேரம் சுடக்கூட மாட்டான், கன்னத்தை வெச்சுக்கிட்டு அப்படியே கிடப்பான். என் வாஃபிளக்கூட வேணாங்கிறான். வீட்ல நல்லா வடிச்சுக் கொட்டுறபோல."

நான் எதுவும் வடித்துக் கொட்டவில்லை. கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனேன்.

ஒட்வார் வரிசையின் கடைசியில், படுத்துச் சுடுகிற பாயை விரித்துக்கொண்டிருந்தான்.

"வா, கட்டையைச் சரிபாத்துடலாம்" என்றேன்.

"எதுக்கு? அதான் கோடு இருக்கே."

"இருந்தா இருந்துட்டுப் போகுது. படு."

துப்பாக்கியைத் திறந்து, குண்டில்லை என்று பார்த்து, கட்டையை அவனுடைய நீலக் கோட்டில் நிறுத்தினேன். அவன் படுத்தான். நான் எதிரே மண்டியிட்டேன்.

"கண்ணை மூடு. கன்னத்தை வை. ம், திற. தெரியுதா?"

"தெரியுது."

பொய். துளை வழியே எனக்குத் தெரிந்தது அவன் புருவம். அவன் மெல்லத் தலையைத் தூக்கப் பார்த்தான்.

"தூக்காத. கழுத்தை விடு."

திருகை ஏற்றினேன். புருவம் நகர்ந்து இமை வந்தது. இன்னும் ஏற்றினேன். இமைக்குக் கீழே அந்தச் சாம்பல் கண் வந்து நடுவில் நின்றது. திருகிலிருந்து கையை எடுத்தேன். சமையலறை மேசைமேல் பார்த்த அதே உயரம்.

ஈஸ்டரிலிருந்து தாடி வளர்க்கிறான். மீன்பிடிக்கப் போகிறவன் தாடி வளர்த்தால் வளர்த்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருந்தேன். இப்போது மரம் அந்தத் தாடியை ஒருபக்கமாக ஒதுக்கியிருந்தது. உள்ளே கன்னம் இல்லை. தோல் நேராக எலும்பில் போய் ஒட்டியிருந்தது. இருக்கிற பெண்களின் கன்னத்தையெல்லாம் அளந்தவள், பக்கத்துத் தலையணையில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே மண்டியிட ஆளில்லாமல், தனியாக, தானே ஏற்றி ஏற்றிப் பார்த்திருக்கிறான். கடைசியில் இறக்கிவைக்கிற தெம்புகூட இல்லாமல் பையில் போட்டு எடுத்துவந்திருக்கிறான்.

"ஒட்வார், என்ன ஆச்சு உனக்கு?"

"சுட்டுட்டுச் சொல்றேன், இங்வில்."

"எவ்வளவு நாளா?"

"நகரு. சிக்மண்ட் கூப்பிடுறான்."

தள அதிகாரி சிக்மண்ட் வரிசைக்குப் பின்னால் நின்று ஆட்களை ஒதுங்கச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எழுந்து ஒட்வாரின் காலடிப் பக்கம் போய் நின்றேன். கட்டளை கேட்டது. அடுத்த பாயிலிருந்து முதல் குண்டு வெடித்தபோதுதான் காதடைப்பானைக் குடிசையிலேயே விட்டுவந்தது உறைத்தது. காதுக்குள் ஒரே ஊதல். வரிசை முழுக்க வெடித்தது, தோள்கள் ஒவ்வொன்றாகக் குலுங்கின. ஒட்வாரின் தோள் மட்டும் குலுங்கவில்லை. விரல் விசைமேல் இல்லை. கன்னத்தைக் கட்டையில் வைத்தபடியே கிடந்தான். தாடி அசைந்துகொண்டிருந்தது.

பேசிக்கொண்டிருந்தான். இலக்கைப் பார்த்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், என்னிடம்தான். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னால் மறுபடி ஆரம்பிக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். சிக்மண்ட் பின்னாலிருந்து கையை ஆட்டுவதைப் பார்த்தும் பாராததுபோல், அவனுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய், அவன் வாயருகே என் காதை வைத்தேன்.